ஐடிஓவுக்கும் பெரோவ்ஸ்கைட்டுக்கும் நடுவே எந்தச் 'சாம்'?

பெரோவ்ஸ்கைட் என்னும் படிகப் பொருளால் ஒளியை உறிஞ்சும் சூரிய மின்கலம் ஒன்றைக் குறுக்காக உடைத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால், ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டர் தடிமனுள்ள ஒளியுறிஞ்சும் அடுக்கும், அதன்மேல் எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும் ஃபுல்லரீன் அடுக்கும், உச்சியில் வெள்ளி மின்முனையும் தெளிவாகத் தெரியும். அடிப்பக்கத்தில் மட்டும், ஐடிஓ எனப்படும், ஒளிபுகும் மின்முனையான இண்டியம் வெள்ளீய ஆக்சைடின் மீது பெரோவ்ஸ்கைட் நேராக உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். உண்மையில் அந்த இரண்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு நானோமீட்டர் உயரத்தில் ஒரே ஒரு வரிசை மூலக்கூறுகள் நிற்கின்றன. எலெக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடங்களான மின்துளைகளை ஐடிஓவுக்குள் போகவிட்டு, எலெக்ட்ரான்களைத் திருப்பி அனுப்பும் வேலை அந்த வரிசையுடையது. இதைத் தன்னமைவு ஒற்றைப் படலம் என்று தமிழில் சொல்லலாம். ஆய்வகப் பேச்சில் இதன் பெயர் 'சாம்' என்பதால் இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

பிடிஏஏ என்னும் பாலிமரை வைத்து இதுவரை தலைகீழ் அமைப்பு (மின்துளை அடுக்கு அடியிலும் எலெக்ட்ரான் அடுக்கு மேலேயும் உள்ள) மின்கலங்களைச் செய்துவந்த ஒரு சிறு ஆய்வுக்குழு, இப்போது சாமுக்கு மாற நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இலக்கு, சிலிக்கான் மின்கலத்தின் மேல் ஏற்றுவதற்கான 1.68 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இடைவெளி (ஒளியை உறிஞ்சத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) கொண்ட மேல்கலம். விற்பனைப் பட்டியலைத் திறந்தால் பெயர்கள் கண்ணைக் கட்டுகின்றன. மாதந்தோறும் புதிய மூலக்கூறு ஒன்று புதிய செயல்திறன் எண்ணோடு வந்து நிற்கிறது. எதை வாங்குவது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூலக்கூறின் பெயரைத் தேர்வது மூன்றாவது வேலை. அது ஒட்டப்போகும் ஆக்சைடுப் பரப்பைத் தேர்வது முதல் வேலை, மேலே விழப்போகும் பெரோவ்ஸ்கைட் கரைசலோடு அது ஒத்துப்போகுமா என்று பார்ப்பது இரண்டாவது. ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக எழுதுவதால்தான், அதே மூலக்கூறை வாங்கிவந்தும் அதே எண் பலருக்குக் கிடைப்பதில்லை.

விலையைப் பற்றிய கவலையை ஒரு சிறு கணக்கில் முடித்துவிடலாம். இந்தக் குடும்பத்தின் எளிய மூலக்கூறின் மோலார் நிறை சுமார் 275 கிராம். வழக்கமான செய்முறையில் அது எத்தனாலில் லிட்டருக்கு 1 மில்லிமோல் செறிவில் கரைக்கப்படுகிறது. அதாவது ஒரு மில்லிலிட்டருக்கு 0.275 மில்லிகிராம். 100 மில்லிகிராம் வாங்கினால் 360 மில்லிலிட்டருக்கு மேல் கரைசல் கிடைக்கும். ஒரு கண்ணாடித் துண்டுக்கு 100 மைக்ரோலிட்டர் சொட்டினால்கூட 3,600 துண்டுகளுக்கு மேல் வரும். ஒரு மாணவரின் முனைவர் பட்டக்காலம் முழுவதற்கும் ஒரு சிறு குப்பி போதும் என்னும்போது, கிராம் விலையைப் பார்த்து மூலக்கூறைத் தேர்வது வீண் சிக்கனம்.

சாம்களின் இந்த வரலாறு நீண்டதன்று. 2018-இல் லித்துவேனியாவின் கௌனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வைட்டாடாஸ் கெட்டாடிஸ் குழுவினர், கார்பசோல் தலையும் பாஸ்பானிக் அமில வாலும் கொண்ட வி1036 என்ற மூலக்கூறை அறிமுகப்படுத்தியபோது, அதை வைத்துச் செய்த மின்கலத்தின் செயல்திறன் 17.8 சதவீதம். அதே குழுவினர் பெர்லினின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் மையத்தில் ஸ்டீவ் ஆல்பிரெக்டின் குழுவோடு சேர்ந்து 2019-இல் மூலக்கூறை மேலும் எளிமையாக்கினார்கள். 2020-இல் இதன் வழிவந்த இன்னொரு மூலக்கூறு, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பெரோவ்ஸ்கைட்–சிலிக்கான் இரட்டையடுக்கு மின்கலத்தை 29.15 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. கார்பசோல், பாஸ்பானிக் அமிலம் இரண்டையும் சேர்த்த ஆங்கிலச் சுருக்கத்தை ஒட்டி, இவற்றை இனி 2-பாக்ஸ், மெத்தாக்ஸி-2-பாக்ஸ், மெத்தில்-4-பாக்ஸ் என்று குறிப்பிடுகிறேன். எண், தலைக்கும், ஆக்சைடில் ஒட்டும் நங்கூரமான பாஸ்பானிக் அமிலத்துக்கும் நடுவே உள்ள கார்பன் அணுக்களின் எண்ணிக்கை.

பழைய வழிகளை ஏன் கைவிட வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். பிடிஏஏ பத்து நானோமீட்டர் அளவில் பூசப்படுகிறது. நல்ல மின்னழுத்தம் தருகிறது. ஆனால் அதன் கடத்துதிறன் குறைவு என்பதால் தடிமன் சற்றுக் கூடினாலும் நிரப்புக் காரணி, அதாவது மின்னழுத்தமும் மின்னோட்டமும் எவ்வளவு முழுமையாகத் திறனாக மாறுகின்றன என்னும் அளவு, விழுகிறது. பிரமிடு போன்ற மேடுபள்ளங்கள் உள்ள சிலிக்கானில் அதைச் சீராகப் பூசுவதும் கடினம். திரவம் பள்ளத்தில் தேங்கி, முகட்டை வெறுமையாக விட்டுவிடும். நிக்கல் ஆக்சைடு மலிவானது, உறுதியானது. ஆனால் அதன் பரப்பிலுள்ள உயர் ஆக்சிஜனேற்ற நிலை நிக்கல் அயனிகள் பெரோவ்ஸ்கைட்டின் அயோடைடோடும் கரிம அயனிகளோடும் வினைபுரிந்து, சந்திப்பிலேயே மின்னழுத்தத்தை விழுங்கிவிடுகின்றன. பெடாட்-பிஎஸ்எஸ் என்னும் கடத்தும் பாலிமர் வெள்ளீயம்–ஈயக் கலப்புப் பெரோவ்ஸ்கைட்டுகளுக்கு வெளியே இன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சாம் தடிமன் பிரச்சினையை அடியோடு நீக்கிவிடுகிறது. ஒரு வரிசைக்கு மேல் வேதியியல் பிணைப்பு நிகழ இடமில்லை; பிரமிடின் சரிவானாலும் முகடானாலும் மூலக்கூறு தனக்கு வேண்டிய ஹைட்ராக்சில் குழுவைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும்; ஒளியை வீணாக உறிஞ்சும் இழப்பும் மிகக் குறைவு.

இனி மூலக்கூறுகளுக்குள் போகலாம். அதன் அடியில் உள்ள நங்கூரத்துக்குத் தேர்வு அதிகமில்லை. கார்பாக்சிலிக் அமிலம் ஆக்சைடில் பிடிப்பது பாஸ்பானிக் அமிலத்தைவிட வலுக்குறைவு. பாஸ்பானிக் அமிலம் அதிகபட்சம் மூன்று ஆக்சிஜன் வழியாகப் பிணைய முடியும் என்பதால் கரைப்பானையும் வெப்பத்தையும் ஓரளவு தாங்கும். அதன் அமிலத்தன்மை ஐடிஓவிலிருந்து இண்டியத்தை மெல்ல அரிப்பதாகச் சில குழுக்கள் காட்டியதன் விளைவாக, அமிலத்தன்மை குறைந்த போரானிக் அமில நங்கூரங்களும் சோதிக்கப்பட்டுள்ளன. புதிதாகத் தொடங்குபவர் பாஸ்பானிக் அமிலத்திலேயே நிற்பது நல்லது. பிறரது அனுபவம் அதில்தான் குவிந்திருக்கிறது.

தலைப்பகுதியில்தான் உண்மையான வேறுபாடு. 2-பாக்ஸின் கார்பசோல் வெறுமையானது. அதன் நிரம்பிய உச்ச ஆற்றல் மட்டம் வெற்றிட மட்டத்துக்குக் கீழே சுமார் 5.6 எலெக்ட்ரான் வோல்ட் ஆழத்தில் உள்ளது. மூலக்கூறில் மின்னூட்டம் இரு முனைகளாகப் பிரிந்திருக்கும் அளவான இருமுனைத் திருப்புத்திறன், கணக்கீட்டின்படி சுமார் 2 டிபை. கார்பசோலின் இருபுறமும் மெத்தாக்ஸி குழுக்களைச் சேர்த்தால் அவை எலெக்ட்ரான்களைத் தள்ளுகின்றன, மட்டம் 5.1 அளவுக்கு மேலேறுகிறது, இருமுனைத் திருப்புத்திறன் 0.2 டிபையாகச் சுருங்குகிறது. இந்த இருமுனைகள் எல்லாம் ஒரே திசையில் நிற்பதால்தான் ஐடிஓவின் வெளியேற்று ஆற்றல் (எலெக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல்) மாறுகிறது: 2-பாக்ஸ் அதைக் கணிசமாகக் கூட்டும், மெத்தாக்ஸி-2-பாக்ஸ் அவ்வளவாகக் கூட்டாது. 1.68 எலெக்ட்ரான் வோல்ட் பெரோவ்ஸ்கைட்டில் புரோமைடு கூடுதல் என்பதால் அதன் இணைதிறன் பட்டை, அதாவது எலெக்ட்ரான்கள் நிரம்பிய ஆற்றல் பட்டை, சற்று ஆழத்தில் இருக்கும். அதற்கு 2-பாக்ஸ் போன்ற ஆழ்ந்த மட்டம் பொருந்தும். வெள்ளீயம் கலந்த குறுகிய இடைவெளிப் பெரோவ்ஸ்கைட்டின் பட்டை மேலே இருக்கிறது. அங்கே மெத்தாக்ஸி-2-பாக்ஸ் பொருந்தும். இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பது, எந்தச் சாவி சிறந்தது என்று பூட்டைக் காட்டாமல் கேட்பது போலத்தான்.

மெத்தில்-4-பாக்ஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சமரசம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மெத்தில் குழுக்கள் மட்டத்தை அதிகம் உயர்த்தவில்லை, இருமுனைத் திருப்புத்திறனும் சுமார் 1.7 டிபையில் நிற்கிறது. மின்துளைகள் வெளியேறும் வேகத்தில்தான் இதன் உண்மையான ஆதாயம். 2020-ஆம் ஆண்டு ஆய்வில் இதை வைத்துச் செய்த மின்கலங்களில் இலட்சியக் காரணி (மறுஇணைவு இழப்பு குறையக் குறைய 1-ஐ நெருங்கும் எண்) 1.26 வரை குறைந்தது, தனிக்கலங்களின் நிரப்புக் காரணி 84 சதவீதம் வரை ஏறியது, இரட்டையடுக்கின் திறந்த சுற்று மின்னழுத்தம் 1.92 வோல்ட்டை எட்டியது. உறையிடாமல் காற்றில் 300 மணி நேரம் இயக்கியபின்னும் தொடக்கச் செயல்திறனில் 95 சதவீதம் மிஞ்சியிருந்தது. மின்னழுத்தத்தில் 2-பாக்ஸ் இதற்கு அதிகம் பின்தங்காது. நிரப்புக் காரணியில் பின்தங்கும். நம் இலக்கான மேல்கலத்துக்கு எண்களை மட்டும் பார்த்தால் மெத்தில்-4-பாக்ஸ்தான் வெற்றியாளர்.

ஆனால் அந்த வெற்றியாளரைக் கையில் எடுத்தவர்களுக்குத்தான் அதன் குணம் தெரியும். டிஎம்எஃப், டிஎம்எஸ்ஓ என்னும் கரைப்பான்களின் கலவையில் கரைத்த மஞ்சள் நிறப் பெரோவ்ஸ்கைட் கரைசலை அதன்மேல் சொட்டுங்கள். 2-பாக்ஸ் மீது சொட்டினால் துளி ஓரளவு விரியும். மெத்தாக்ஸி-2-பாக்ஸ் மீது கண்ணாடியின் விளிம்புவரை நன்றாகப் பரவும். மெத்தில்-4-பாக்ஸ் மீதோ துளி முத்துப்போல் நிற்கும், தாமரை இலையில் தண்ணீர் நிற்பது போல. சுழற்றத் தொடங்கியதும் கரைசல் மூலையிலிருந்து உள்வாங்கும். படிகமாதலைத் தூண்டும் எதிர்க்கரைப்பானைச் சொட்டும் கணத்தில், பூசப்பட்டது போலத் தெரிந்த இடத்திலும் ஊசிமுனை அளவு ஓட்டைகள் மிஞ்சும். சூடாக்கியபின் படலம் கறுப்பாக, கண்ணாடிபோல் பளபளப்பாக இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால்தான் அந்த ஓட்டைகள் நட்சத்திரம்போல் தெரியும். அவற்றில் ஒன்றின் மேல் வெள்ளி மின்முனை விழுந்தால் மின்கலம் குறுக்குச்சுற்றாகிவிடும். நான் முதன்முதலில் இந்த மூலக்கூறைப் பயன்படுத்திய வாரத்தில் பன்னிரண்டு துண்டுகளில் அளவிடத் தகுந்தவையாக மிஞ்சியது மூன்று. அந்த மூன்றின் எண்கள் அதுவரை நான் பெற்ற எதையும்விட நன்றாக இருந்தன என்பதுதான் இந்த மூலக்கூறை விட்டுவிட முடியாமல் ஆக்கியது.

இதற்கான பரிகாரங்கள் பல. சாம் பூசியபின் டிஎம்எஃப் திரவத்தை ஒருமுறை சுழற்றிவிட்டு உடனே பெரோவ்ஸ்கைட்டைப் பூசுவது எளிய வழி. ஆனால் சரியாக ஒட்டாத மூலக்கூறுகளை அந்த டிஎம்எஃப் கழுவிக்கொண்டு போகும், அதனால் முடிவு கைக்குக் கை மாறும். பிஎஃப்என்-புரோமைடு என்னும் அயனிப் பாலிமரை மெல்லப் பூசினால் கரைசல் பரவும். ஆனால் சந்திப்பின் ஆற்றல் அமைப்பில் இன்னொரு மாறியைச் சேர்த்துவிட்டோம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அலுமினா எனப்படும் அலுமினிய ஆக்சைடின் நானோத்துகள்களை ஐசோபுரொப்பனாலில் மிகவும் நீர்க்கச்செய்து பூசுவது மூன்றாவது வழி. துகள்கள் மின்கடத்தாதவை, ஆயினும் அவை தொடர்படலமாக மூடாமல் தீவுதீவாக நிற்பதால் மின்துளைகளுக்கு இடையிலே போதிய வழி இருக்கிறது. கரைசல் அந்தத் தீவுகளைப் பற்றிக்கொண்டு பரவுகிறது. நீர்விருப்பமுள்ள சிறு பாஸ்பானிக் அமிலம் ஒன்றைச் சாம் கரைசலிலேயே கலந்து, பெரிய மூலக்கூறுகளின் நடுவே அதையும் நிற்கவைப்பது நான்காவது வழி. இந்த நான்கில் நான் அலுமினாவையே தேர்வேன். அது சாமின் வேதியியலைத் தொடுவதில்லை. தவறினால் ஏன் தவறியது என்று கண்டுபிடிப்பதும் எளிது.

இந்தச் சிக்கலைப் பரிகாரத்தால் தீர்க்காமல் மூலக்கூறின் வடிவமைப்பிலேயே தீர்க்க முயன்றவர்களும் உண்டு. 2023-இல் ஷாங்காயின் கிழக்குச் சீன அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட எம்பிஏ-சிபிஏ மூலக்கூறில், பாஸ்பானிக் அமிலத்துக்குப் பக்கத்திலேயே சயனோ குழு ஒன்று அமர்ந்திருக்கிறது. ஒரு முனை எண்ணெய்க்கும் மறுமுனை நீருக்கும் விருப்பமுள்ள இந்த அமைப்பில் கரைசல் சொட்டு விழுந்தவுடன் முழுதும் பரவிவிடுகிறது. சான்றளிக்கப்பட்ட செயல்திறன் 25.4 சதவீதம். இதில் நெகிழும் கார்பன் சங்கிலியே இல்லை. தலையும் நங்கூரமும் இரட்டைப் பிணைப்பு வழியாக நேரடியாகக் கைகோத்துள்ளன. ஈர்ப்பான வடிவமைப்புதான். ஆனால் அதன் தலையில் உள்ள மெத்தாக்ஸி குழுக்கள் ஆற்றல் மட்டத்தை மேலே தள்ளும் என்பதால், அகன்ற இடைவெளி மேல்கலத்துக்கு அப்படியே கொண்டுவர நான் தயங்குவேன். அதே ஆண்டில் வந்த 4-பிஏடிசிபி வேறொரு வழியில் போனது. கார்பசோலின் இருபுறமும் மேலும் ஒவ்வொரு வளையத்தைச் சேர்த்தபோது அவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தலை சற்றே முறுக்கிக்கொண்டது. அந்த முறுக்கு மூலக்கூறுகள் திரள்வதைக் குறைத்து, பெரிய பரப்பிலும் படலத்தைச் சீராக்கியது. 1.77 எலெக்ட்ரான் வோல்ட் பெரோவ்ஸ்கைட்டில் 1.31 வோல்ட் தந்த இது, முழுவதும் பெரோவ்ஸ்கைட்டாலான இரட்டையடுக்கில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடிய பரப்பில் 26.4 சதவீதம் என்று சான்றளிக்கப்பட்டது. அகன்ற இடைவெளிக்கென்றே வடிவமைத்தது என்பதால் நம் குழுவின் பட்டியலில் மெத்தில்-4-பாக்ஸுக்கு அடுத்த இடத்தை இதற்குக் கொடுப்பேன்.

இப்போது நான் முதல் வேலை என்று சொன்ன ஆக்சைடுப் பரப்புக்கு வருகிறேன். பாஸ்பானிக் அமிலம் வெறும் ஐடிஓவில் ஒட்டுவதில்லை. ஐடிஓ பரப்பிலுள்ள ஹைட்ராக்சில் குழுக்களில் ஒட்டுகிறது. ஒரு சதுர நானோமீட்டரில் அவை எத்தனை உள்ளன, எவ்வளவு சீராகப் பரவியுள்ளன என்பதுதான் படலம் எவ்வளவு நெருக்கமாக அமையும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஐடிஓ எந்தத் தயாரிப்பு, எந்த வெப்பநிலையில் படிந்தது, படிகமா உருவற்றதா, புற ஊதா–ஓசோன் அறையில் எத்தனை நிமிடம் வைத்தோம், வெளியே எடுத்து எத்தனை நிமிடத்தில் சாமைப் பூசினோம் என்பவை எல்லாம் இதில் அடங்கும். வணிகக் கண்ணாடியில் வரும் ஐடிஓவும் சிலிக்கான் கலத்தின் மேல் மெல்லியதாகத் தெளிப்பு முறையில் படியவைத்த ஐடிஓவும் பெயரில் ஒன்று, பரப்பில் வேறு. கண்ணாடியில் செம்மைப்படுத்திய செய்முறை சிலிக்கானில் கவிழ்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சொரசொரப்பான ஃப்ளூரின் கலந்த வெள்ளீய ஆக்சைடு இன்னும் மோசம்; அதன் முகடுகளில் சாம் முழுதாக மூடாமல், பெரோவ்ஸ்கைட் ஆக்சைடைத் தொட்டுவிடும்.

இதற்கு இரண்டு விடைகள் உள்ளன. ஒன்று, அணு அடுக்கு முறையில் மிக மெல்லிய ஆக்சைடைப் படியவைத்து ஹைட்ராக்சில் அடர்த்தியைக் கூட்டுவது. மற்றொன்று, நிக்கல் ஆக்சைடை நடுவில் வைத்து அதன்மேல் சாம் பூசுவது. பெரோவ்ஸ்கைட்டோடு நேரடியாக உரசினால் தொல்லை தரும் அதே நிக்கல் ஆக்சைடு, சாமுக்கு அடியில் போனதும் நல்ல அடித்தளமாகிவிடுகிறது: பாஸ்பானிக் அமிலம் அதன்மீது ஐடிஓவைவிட நெருக்கமாக ஒட்டுகிறது, எங்காவது சாமில் ஓட்டை விழுந்தாலும் அடியில் மின்துளைகளைத் தேர்ந்தெடுக்கும் இன்னொரு அடுக்கு இருக்கிறது, குறைந்த கடத்துதிறனால் சிறு குறுக்குச்சுற்றுகள் பக்கவாட்டில் பரவுவதும் தடைப்படுகிறது. ஓட்டைகள் தவிர்க்க முடியாத பெரிய பரப்புகளில் இந்தக் காப்பு மிகவும் பயன்படும். வெறும் ஐடிஓவா, நிக்கல் ஆக்சைடு நடுவில் உள்ள இரட்டைப் படலமா என்று கேட்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மேல் போக எண்ணமிருப்பவர் முதல் நாளிலிருந்தே இரட்டைப் படலத்தில் தொடங்கட்டும். அடிப்படை இயற்பியலை ஆராய்பவருக்கு வெறும் ஐடிஓ போதும், மாறிகள் குறையும்.

கரைசலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எத்தனாலில் கரைந்தது போலத் தெரியும் இந்த மூலக்கூறுகள் உண்மையில் தனித்தனியாக நிற்பதில்லை. சோப்பு மூலக்கூறுகளைப் போல ஒன்றுகூடி மிசெல்களாகத் திரள்கின்றன. மிசெலாகவே பரப்பில் வந்து விழுந்தால் படலத்தில் கொத்துக்கொத்தாகப் படிவும், இடையிடையே வெறுமையும் ஏற்படும். இணைக் கரைப்பான் சேர்த்து மிசெல்களைக் கலைத்தால் படலம் நெருக்கமாகும் என்பது 2023-இல் காட்டப்பட்டது. பூசுவதற்கு முன் பதினைந்து நிமிடம் மீயொலிக் குளியலில் வைப்பதும் ஓரளவு உதவும். பூசி, 100 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கியபின், எத்தனாலால் கழுவுவதா வேண்டாமா என்பது குழுவுக்குக் குழு மாறும் பழக்கம். ஒட்டாமல் மேலே கிடக்கும் மூலக்கூறுகளைக் கழுவாவிட்டாலும் பெரோவ்ஸ்கைட்டின் டிஎம்எஃப் அவற்றைக் கரைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். அவற்றில் சில வெறுமையான இடங்களுக்குத் திரும்பி வந்து அடைக்கவும் கூடும். இந்த எண்ணத்தை முழுதாகவே எடுத்துக்கொண்டு, சாமைத் தனியே பூசாமல் பெரோவ்ஸ்கைட் கரைசலிலேயே கலந்து ஒரே முறையில் பூசும் வழியை அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகக் குழு 2023-இல் வெளியிட்டது. ஒரு படி குறைகிறது, நனையாத சிக்கலும் தீர்கிறது. ஆனால் எவ்வளவு மூலக்கூறு அடியில் போய்ச் சேர்ந்தது, எவ்வளவு படிகங்களின் இடுக்கில் தங்கியது என்பதைப் பிரித்தறிவது கடினம். உற்பத்திக்கு நல்ல வழி, ஒப்பீட்டுக்கு உகந்ததன்று.

பிரமிடுகள் உள்ள சிலிக்கானில் சுழற்றிப் பூசுவதும் தோய்த்து எடுப்பதும் நடக்கின்றன. வெற்றிட ஆவியாக்கத்தாலும் இந்தச் சாம்களைப் படியவைக்கலாம் என்று ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே குழு 2023-இல் காட்டியது. பெரோவ்ஸ்கைட்டையும் ஆவியாக்கும் வசதி உள்ளவருக்கு அது இயல்பான தேர்வு. மற்றவர்கள் இதற்காகக் கருவி வாங்க வேண்டியதில்லை.

நீடித்த உழைப்பைப் பொறுத்தவரை, அறை வெப்பத்தில் எல்லாச் சாம்களும் நல்லபிள்ளைகள்தான். 85 டிகிரியில்தான் யார் யார் என்பது தெரியும். சூரியத் தகடுகளுக்கான பன்னாட்டுத் தரச் சோதனையில் 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம், 1,000 மணி நேரம் என்பது ஒரு கட்டாயப் பகுதி. அந்த வெப்பத்தில், மும்முனையாக அன்றி ஒரு முனையாக மட்டும் ஒட்டியிருந்த மூலக்கூறுகள் விடுபட்டு நகர்கின்றன. விட்ட இடத்தில் எலெக்ட்ரானும் மின்துளையும் மறுபடி இணைந்து மின்னழுத்தம் விழுகிறது. டிரைமெத்தாக்ஸிசிலேன் நங்கூரத்தை, ஹைட்ராக்சில் செறிந்த அணு அடுக்கு ஐடிஓவோடு இணைத்து இந்தக் கழற்சியைக் கட்டுப்படுத்திய ஆய்வு 2024-இல் வந்தது. நங்கூரத்தை மட்டும் மாற்றாமல் பரப்பையும் சேர்த்து மாற்றியதால்தான் அது பலித்தது என்பது என் வாசிப்பு. சிலேன்களைக் கையாள்வது எளிதன்று. ஈரம் பட்டால் தமக்குள்ளேயே பிணைந்து கட்டியாகிவிடும். பாஸ்பானிக் அமிலத்தில் கை பழகாத குழு அதில் நேராக இறங்க வேண்டாம்.

இவ்வளவையும் வைத்து நம் குழுவுக்கு நான் சொல்வது இது. 1.68 எலெக்ட்ரான் வோல்ட் மேல்கலத்துக்கு, நிக்கல் ஆக்சைடின் மேல் மெத்தில்-4-பாக்ஸ், அதன்மேல் நீர்த்த அலுமினா. ஒப்பிட 2-பாக்ஸ் ஒன்று, பழைய பிடிஏஏ ஒன்று. ஒவ்வொரு முறையும் இந்த மூன்றும் ஒரே நாளில், ஒரே பெரோவ்ஸ்கைட் கரைசலில் செய்யப்பட வேண்டும். நனையும் சிக்கல் ஒரு மாதத்தில் அடங்காவிட்டால், மெத்தில்-4-பாக்ஸோடு மல்லுக்கட்டாமல் 4-பிஏடிசிபிக்கு மாறிவிடலாம். அதே குழு நாளை வெள்ளீயக் கலப்புக் கீழ்க்கலம் செய்யப் போனால் இந்தப் பட்டியலைத் தூக்கிப்போட்டுவிட்டு மெத்தாக்ஸி-2-பாக்ஸிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒப்பிடும் முறையில் ஒரு பொறி இருக்கிறது. அகன்ற இடைவெளி மின்கலங்களில் மேலே உள்ள ஃபுல்லரீன் சந்திப்பில்தான் மின்னழுத்தம் அதிகம் இழக்கப்படுகிறது. முழு மின்கலத்தைச் செய்து அளந்தால் நல்ல சாமும் சுமாரான சாமும் ஏறத்தாழ ஒரே மின்னழுத்தத்தைக் காட்டும். குற்றவாளி மேலே இருக்க, கீழே உள்ளவற்றைத் தரம்பிரிக்க முயல்கிறோம். ஆகவே ஃபுல்லரீனும் வெள்ளியும் போடாமல், ஐடிஓ, சாம், பெரோவ்ஸ்கைட் வரை மட்டும் அமைத்து அதன் ஒளியுமிழ்வின் அளவைப் பார்க்க வேண்டும். அறை வெப்பத்தில் உமிழ்வுத் திறன் பத்து மடங்கு குறைந்தால் கிடைக்கக்கூடிய மின்னழுத்தத்தில் ஏறத்தாழ 60 மில்லிவோல்ட் போயிற்று என்று கணக்கிடலாம். வெள்ளிக்கும் மாணவரின் நாளுக்கும் செலவில்லாமல் மூலக்கூறுகள் வரிசைப்பட்டுவிடும். ஆனால் உமிழ்வு நன்றாக இருப்பதாலேயே மின்துளைகள் வெளியேறுகின்றன என்று ஆகாது. எதையும் வெளியே விடாத மின்கடத்தாப் படலமும் நன்றாகத்தான் ஒளிரும். அதனால் இந்தச் சோதனையில் தேறிய இரண்டு மூலக்கூறுகளுக்கு மட்டும் முழு மின்கலம் செய்து நிரப்புக் காரணியைப் பார்த்தால் போதும். அந்த அரைக் கலங்களையே நைட்ரஜன் நிரம்பிய க்ளவ் பாக்ஸில் 85 டிகிரித் தட்டின் மேல் ஓரிரவு வைத்துவிட்டு, காலையில் அதே லேசரின் கீழ் மறுபடி அளந்து பாருங்கள். முதல்நாள் முன்னணியில் இருந்த மூலக்கூறு மறுநாளும் அங்கேயே நின்றால் அதற்கு மேலும் 100 மில்லிகிராம் வாங்கலாம்.